சைபர் காமா சைபர்

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அம்மா போன் செய்தாள். அந்த நேரத்தில் போன் செய்கிறவள் இல்லை அவள். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஏழரைக்கே கடையைத் திறந்துவிடுவாள். கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் பத்துக்கு எட்டு அடிக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். மற்ற நாட்கள் எல்லாவற்றிலும் சேர்த்து வருகிற கூட்டம் அந்த ஒரு காலையில் வந்துவிடும்.

“டேய், கம்ப்யூட்டர் வரலடா.”

“வரலன்னா?”

“கறுப்பா இருக்கு. வெள்ளை எழுத்தா மடமடன்னு ஓடுச்சு. அப்படியே நின்னுடுச்சு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். விடிகாலைதான் சென்னைக்கு வந்து இறங்கியிருந்தேன். முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் பேருந்து. ஒன்பது மணிக்கு அம்மா இட்லி கட்டிக்கொண்டிருந்தபோது நான் கடையில் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்தேன். அவளுடைய கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேடு செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. முடித்தபிறகும் சொல்லவில்லை.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரும்மா” என்றேன்.

“மூணு தடவ பண்ணிட்டேன்.”

“இன்னொரு தடவ பண்ணு.”

*

அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பதினேழு வருஷம் சொல்லிக்கொடுத்தவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் லோயர், ஹையர் முடித்தவள். ஆங்கில ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று ஒரு பக்கம் பத்துப் பேரும், ‘யளனகபக’ என்று மறுபக்கம் ஆறு பேரும் தட்டுகிற சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். கூட்டம் குறைந்து இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது அவள் இந்தக் கடையைப் பிடித்தாள். மெஷினை மாற்றிக்கொண்டாள், விரலை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பழைய தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை முறையில்தான் அடிப்பாள். தமிழ் 99 வந்து இத்தனை வருஷமாகியும் அவளை அசைக்க முடியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தது நான்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு முப்பது பென் டிரைவ் வரும், அதில் பத்தில் வைரஸ் இருக்கும். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது என்று அம்மா அழாத குறையாகப் போன் செய்வாள். லினக்ஸ் போட்டபிறகு அந்தத் தொல்லை விட்டது. டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதில் இருந்தது. ஐந்து வருஷம் ஒரு குறை இல்லாமல் ஓடியது.

அந்த ஐந்து வருஷம்தான் பிரச்சினை. நெடுங்கால ஆதரவு உள்ள பதிப்பு என்றாலும் அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. கெடு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். ஆகவே மேலே உள்ள பதிப்புக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாற்ற வேண்டும் என்று எந்தக் கெடுவும் சொல்லவில்லை.

அப்கிரேடுக்கென்றே இருக்கிற கருவி பொறுமையாக இடம் இருக்கிறதா, இணையம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளாகவே அடித்தேன். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. நடுவில் ஏதோ ஒரு வரி ‘எரர்’ என்று தொடங்கியது. அதைப் பார்த்தேன், படிக்கவில்லை. கடைசியில் கர்சர் வந்து நின்றதும் ஷட் டவுன் கொடுத்தேன். ஒருமுறை மறுபடி ஆன் செய்து பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பேருந்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

*

“என்ன எழுதியிருக்கு, படிம்மா.”

“நெறய இருக்கு. எதப் படிக்க?”

“கடைசி வரி.”

அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பேச வராது. எதை வேண்டுமானாலும் பார்த்து அடிப்பாள். அடிக்கிறவளின் வாசிப்பு வேறு மாதிரி. வார்த்தையாகப் படிக்காமல் எழுத்தாகவும் குறியாகவும் படிப்பாள். “கோடு கோடு கோடு, ஸ்கொயர் பிராக்கெட், எண்ட், கே கேபிடல், கெர்னல், பேனிக், ஹைஃபன், நாட் சிங்கிங், கோலன், வி எஃப் எஸ் மூணும் கேபிடல், கோலன், அனேபிள் டு மவுண்ட் ரூட்...”

“போதும்மா” என்றேன்.

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளிருக்கும் பருப்பு. 1991இல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அந்தப் பருப்பைத்தான். இப்போது உலகத்தின் பெரும்பாலான சர்வர்களும் நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களும் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. அந்தக் கெர்னல் இனி ஒரு அடி எடுத்துவைக்க முடியாது என்று தானே முடிவுசெய்து நிற்பதற்குப் பெயர் கெர்னல் பேனிக். பேனிக் என்றால் பதற்றம். பக்கத்திலேயே ‘நாட் சிங்கிங்’ என்று இருக்கும். நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதப்போவதில்லை என்று அர்த்தம். தன் நிலைமை சரியில்லை என்று தெரிந்தபிறகு எதையாவது எழுதி இருப்பதையும் கெடுத்துவிடக் கூடாது, அதனால் கையை எடுத்துக்கொள்கிறது. பேர்தான் பதற்றமே தவிர செய்வது மிக நிதானமான காரியம்.

அதைக் கேட்டுப் பதறியது நான்தான். ‘ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்றால் டிஸ்கையே படிக்க முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வருஷம் பழைய டிஸ்க். போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அம்மாவிடம் அப்படிச் சொல்லவில்லை. “கேபிள் லூசா இருக்கும்மா. சைடு மூடியைக் கழட்டு” என்றேன்.

அம்மா ஸ்குரூ டிரைவர் எடுத்துவந்து மூடியைக் கழற்றினாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னால் கடை வாசலில் குரல்கள். “மனு எழுதணும்மா.” “ஜெராக்ஸ் ரெண்டு.” “கரண்டு இல்லையா?” அம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள், “செத்த இருங்க.” டிஸ்கின் கேபிளை எடுத்து மறுபடி சொருகினாள். ஆன் செய்தாள். அதே வரி. ராம் குச்சியை எடுத்துத் துடைத்துப் போடச் சொன்னேன். அதே வரி. மின்சார ஒயரை வேறு பிளக்கில் மாற்றச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை. ஏதாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தால் நான் ஏதோ செய்துகொண்டிருப்பதாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு, “சர்வீஸ் ஆள வரச்சொல்லும்மா” என்றேன்.

“அந்தப் பையன் பதினோரு மணிக்குத்தான் கடையே திறப்பான்” என்றாள். பிறகு, “நீ போன வை. அரைமணி கழிச்சுப் பேசு.”

*

அந்த அரைமணியில் அம்மா என்ன செய்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஏ4 தாளை எடுத்துவைத்து மனுக்களைக் கையால் எழுத ஆரம்பித்திருக்கிறாள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். அவளுக்கு எல்லா மனுவும் மனப்பாடம். முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், வாரிசுச் சான்றிதழ், பாதை ஆக்கிரமிப்பு. ஆளுக்கு ஏழு நிமிஷம். டைப் அடித்தால் வாங்குவதில் பாதிதான் வாங்கினாள்.

அப்படி எழுத முடியாத ஒருவர் காத்திருந்தார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். அம்மாவைவிட மூத்தவர், அம்மா அவரை ‘அக்கா’ என்பாள். புருஷன் பேரில் இருந்த முக்கால் ஏக்கரின் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற நான்கு வருஷமாக மனு கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் முந்தின மனுவின் எண், தேதி, அதற்கு வந்த பதிலின் ந.க. எண், சர்வே எண், உட்பிரிவு எல்லாவற்றையும் ‘பார்வை’ என்ற தலைப்பின்கீழ் வரிசையாகக் காட்ட வேண்டும். அந்தப் பார்வை மட்டும் இப்போது ஒன்றரைப் பக்கம். அந்த அக்காவிடம் இருந்த ரசீதுகளில் பாதி மழையில் நனைந்து போய்விட்டன. மற்றதெல்லாம் அம்மாவின் கம்ப்யூட்டரில்தான், ஒரே ஃபைலில், இருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அந்த வாரம் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மதியத்துக்குள் மனு போகாவிட்டால் அடுத்த திங்கள்.

நான் மறுபடி போன் செய்தபோது மணி பத்தேகால்.

“அம்மா, டிஸ்க் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றேன். சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியது. “பேக்கப் எடுத்திருக்கேன். ஆனா அது தீபாவளிக்கு எடுத்தது.”

கொஞ்சநேரம் பேச்சில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஏண்டா, டிஸ்க்குன்னா அதுலதான எல்லாம் இருக்கு?”

“ஆமா.”

“அது செத்துப்போச்சுன்னா, இந்த எழுத்தெல்லாம் எங்கேருந்து வருது? இத யாரு எழுதுறா?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அந்த எழுத்துக்களை எழுதுவது கெர்னல். கெர்னல் இருப்பது டிஸ்கில். டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று சொல்கிற ஆளே டிஸ்கிலிருந்துதான் எழுந்து வந்திருக்கிறான். அப்படியானால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது.

“அம்மா, அந்தக் கடைசி வரிய முழுசாப் படி. நான் குறுக்க பேச மாட்டேன்.”

“அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப் எஸ் ஆன் அன்னோன் ஹைஃபன் பிளாக், பிராக்கெட்ல சைபர் காமா சைபர்.”

அந்தச் சைபர் காமா சைபரை ஏழே முக்காலுக்கே படித்திருப்பாள். நான்தான் ‘போதும்மா’ என்று நிறுத்திவிட்டேன்.

*

கம்ப்யூட்டரை ஆன் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்கைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் டிஸ்கில் இருக்கிறது. பீரோவைப் பூட்டிச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்த கதை. ‘பூட்’ என்ற சொல்லே இந்தச் சிக்கலிலிருந்து வந்ததுதான். பூட்ஸின் பின்னால் இருக்கும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்ற நடக்காத காரியத்தை ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்று சொல்வார்கள். அதன் சுருக்கம் பூட். நமக்கும் இரண்டு பூட்டு உண்டு. கதவைப் பூட்டினால் மூடுவது, ஏர் பூட்டினால் தொடங்குவது.

இந்தச் சிக்கலைப் படிப்படியாகத்தான் தீர்க்கிறார்கள். மதர்போர்டில் பதித்துவைத்த சின்ன நிரல் முதலில் எழும். அது பூட்லோடரை எழுப்பும். லினக்ஸில் பெரும்பாலும் அதன் பெயர் கிரப். கிரப் இரண்டு கோப்புகளை நினைவகத்துக்குத் தூக்கிவரும். ஒன்று கெர்னல். மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ் என்கிற ஒரு மூட்டை. உலகத்தில் ஆயிரம் விதமான டிஸ்க் இருப்பதால் எல்லாவற்றுக்குமான டிரைவரையும் கெர்னல் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு திரிவதில்லை. அந்த மூட்டைக்குள் இருக்கும். மூட்டையை அவிழ்த்து, டிரைவரை எடுத்து, டிஸ்கைத் திறந்து, அதன்பிறகு மூட்டையைத் தூக்கிப்போட்டுவிடும்.

சைபர் காமா சைபர் என்றால் கெர்னல் எந்த டிஸ்கையும் பார்க்கவே இல்லை என்று பொருள். டிஸ்க் கெட்டுப்போய்ப் படிக்க முடியாமல் போகவில்லை. டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அதாவது மூட்டை வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன் லினக்ஸை நிறுவியபோது, பழைய வழிகாட்டி எதையோ பார்த்து, பூட் கோப்புகளுக்கென்று 500 எம்பியில் தனியாக ஒரு பகுதி பிரித்துவைத்திருந்தேன். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழையதும் ஒரு துணைக்கு இருந்துவிடும். நான் ஒருநாளும் கழித்துக்கட்டவில்லை. ஒரு கெர்னலும் அதன் மூட்டையும் சேர்ந்தால் எழுபது, எண்பது எம்பி. ஐந்தாறு சேர்ந்ததும் பகுதி நிறைந்துவிட்டது. ஞாயிறு இரவு புதுக் கெர்னல் உள்ளே வந்தது, மூட்டை கட்ட இடமில்லை. ‘எரர்’ என்று ஓடிய அந்த வரி இதைத்தான் சொல்லியிருக்கும். கிரப்பும் மூட்டை இல்லாத கெர்னலையே பட்டியலில் முதலாவதாக எழுதிவைத்துக்கொண்டது.

இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. நான் கழித்துக்கட்டாத பழைய கெர்னல்கள் தங்கள் மூட்டையோடு அங்கேயே இருந்தன.

*

“அம்மா, பவர் பட்டனை அஞ்சு செகண்டு அழுத்திப் புடி. அணைஞ்சிடும். திரும்ப ஆன் பண்ணி, கம்பெனி பேரு வந்து மறையிற நேரத்துல எஸ்கேப் கீய ஒரே ஒரு தடவ தட்டு.”

முதல் தடவை பிந்திவிட்டாள். கறுப்புத் திரை, அதே வரி. இரண்டாம் தடவை பயத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். “கிரப்புன்னு எழுதி ஒரு அம்புக்குறி, பக்கத்துல கோடு மின்னுது” என்றாள். ஒரு எஸ்கேப்புக்குப் பட்டியல், இரண்டாவது எஸ்கேப்புக்குக் கட்டளை வரி.

“ஒண்ணும் ஆகலம்மா. ஒரு தட்டு கூடிப்போச்சு.”

“ஒரு தட்டுன்னு சொன்னியே, எப்பத் தட்டணும்னு சரியாச் சொல்லு. பேரு வரும்போதா, போகும்போதா?”

“போகும்போது.”

மூன்றாம் தடவை சரியாகத் தட்டினாள். பட்டியல் வந்தது. இரண்டாவது வரியில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அதற்குள் போனால் கெர்னல்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, சாதாரணம் ஒன்று, ரெகவரி ஒன்று. அம்மா எண்களை மேலிருந்து கீழாக வாசித்தாள். புள்ளி, ஹைஃபன் ஒன்று விடாமல். முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டச் சொன்னேன்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ சில்லறை கேட்டார்கள்.

“வந்துடுச்சு” என்றாள் அம்மா. “பின்னாடி படம்தான் மாறியிருக்கு.”

“சரி, எதையும் தொடாத. முதல்ல டெர்மினலைத் திறந்து...”

“நீ இரு” என்றாள்.

அடுத்து விசைகளின் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், குழந்தையிலிருந்து தெரியும். அவள் அக்காவின் ஃபைலைத் திறந்து, போன முறை மனுவின் எண்ணைப் பார்வையில் பதினான்காவதாகச் சேர்த்து, தேதியை மாற்றிக்கொண்டிருந்தாள். பிரிண்டர் ஓடியது. “அக்கா, மூணு பக்கத்துலயும் ரேகை வைங்க. ஓடுங்க.” மணி பதினொன்று ஐம்பது.

ஃபைலை முதலில் ஒரு பென் டிரைவில் போடச் சொல்லியிருக்க வேண்டும் நான். அம்மாவுக்கு அந்த மூன்று பக்கம்தான் பேக்கப்.

*

மிச்சத்தை மதியம் கூட்டம் வடிந்தபிறகு செய்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். முதலில் எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் என்று காட்டும் கட்டளை. “பூட்டுன்னு ஒண்ணு இருக்கு, நூறு சதவீதம்” என்றாள். பழைய கெர்னல்களில் ஓடிக்கொண்டிருப்பதையும் இன்னொன்றையும் விட்டு மற்றவற்றை நீக்கினோம். பாதியில் நின்ற பொதிகளின் வேலையை முடிக்கச் சொன்னோம். புதுக் கெர்னலுக்கு மூட்டையைக் கட்டச் சொன்னோம். கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தோம். ரீஸ்டார்ட். ஒரு விசையும் தட்டாமல் தானாக எழுந்து வந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. “ஹைஃபனுக்கு முன்னாடி ஸ்பேஸ் உண்டா? பின்னாடி?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். சொல்லிக்கொடுக்கும்போது நான் இரண்டு இடத்தில் இடைவெளியை விட்டுவிட்டேன், இரண்டையும் அவள் கேட்டுத்தான் திருத்தினேன். கம்ப்யூட்டர் என் தொழில். எரர் வந்தால் அதன் முதல் நான்கு வார்த்தையைப் பார்ப்பேன், மிச்சத்தை அனுபவத்திலிருந்து நிரப்பிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அன்றைக்கு அந்த அனுபவத்தை நம்பி அம்மாவை இரண்டரை மணிநேரம் ஸ்குரூ டிரைவரோடு உட்காரவைத்திருந்தேன். இன்ஸ்டிட்யூட்டில் அவள் சொல்லுவது ஞாபகம் வந்தது: “தாள்ல என்ன இருக்கோ அத அடி. உன் மனசுல இருக்கறத அடிக்காத.”

எல்லாம் முடிந்து போனை வைக்கும் நேரத்தில் கேட்டாள்.

“நல்லாத்தானடா ஓடிட்டிருந்துச்சு. எதுக்கு மாத்தின?”

பாதுகாப்புத் திருத்தங்கள், ஐந்து வருஷக் கெடு எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனையும் உண்மை. ம், ம் என்று கேட்டுக்கொண்டாள்.

சொல்லாத ஒன்றும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன். அம்மா சமைக்கிறாள், துணி துவைத்து மடித்துவைக்கிறாள், பேருந்துக்கு இட்லி கட்டுகிறாள். அந்த இரண்டு நாளில் அவளுக்கென்று நான் செய்யக்கூடியது எதுவும் இருப்பதில்லை. கடையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பேசியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவள் போனில் ஏதாவது ஒரு செயலியை மாற்றுவேன், வைஃபை பெட்டியை இடம் மாற்றுவேன், கம்ப்யூட்டரைத் திறப்பேன். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் எதுவுமே செய்யவில்லையே என்று உறைக்கும். அந்த அப்கிரேடு அப்படி ஒரு மணி நேரத்தில் செய்தது. அவளுடைய கம்ப்யூட்டருக்கு அது தேவைப்பட்டது, ஆனால் அந்த ராத்திரி அது எனக்குத்தான் அவசரமாகத் தேவைப்பட்டது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்மா” என்று மட்டும் சொன்னேன்.

“கேட்டிருந்தா வேணாம்னா சொல்லப்போறேன்? சனிக்கிழமை பண்ணுன்னு சொல்லியிருப்பேன்.”

அடுத்த முறை போனபோது மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அடித்த கட்டளைகள் எல்லாம் வரிசையாக, தமிழ் விளக்கத்தோடு, மனுவின் வடிவத்தில் டைப் செய்யப்பட்டிருந்தன. பொருள்: கம்ப்யூட்டர் வராமல் போனால் செய்ய வேண்டியவை. ஒன்றாவது இப்படித் தொடங்கியது: ‘கடைசி வரியை முழுவதும் படிக்கவும்.’ எஸ்கேப் தட்டுவதைப் பற்றிய வரியில் ‘பெயர் மறையும்போது, ஒரு முறை மட்டும்’ என்பதற்கு அடிக்கோடு இட்டிருந்தாள்.

அந்த அக்காவின் பட்டா இன்னும் வரவில்லை. பார்வை இப்போது இருபத்தொன்றாவது எண்ணில் இருக்கிறது. ஃபைலைத் தினமும் இரண்டு இடத்தில் சேமிக்கிறாள் அம்மா. தவிர, ஒவ்வொரு திங்களும் பிரிண்ட் எடுக்கும்போது ஒரு பிரதி கூடுதலாக எடுத்து, தேதி போட்டு, பழைய டைப்ரைட்டரின் தகரப் பெட்டிக்குள் வைக்கிறாள்.